போதை ஒழிப்புக்கு வாடகை மைக்

மைக் செட் தொழிலில் ஸ்பீக்கர் கெடுவதற்கு முன்னால் நம் காது கெட்டுவிடும். பெக்கான் நானாஸ் என்ற எங்கள் ஊரில் கல்யாணம், கோயில் திருவிழா, சர்ச் விருந்து என்று ஓடிக்கொண்டிருந்த என் கடைக்கு இப்போது போதை ஒழிப்புக் கூட்டங்கள்தான் பெரிய வாடிக்கை. அந்தக் கூட்டங்களில் முதுகு வலிக்க உட்கார்ந்த அன்பர்களே, உங்களுக்காவது பாதியில் நழுவ வழி உண்டு. கடைசி நன்றியுரை முடியாமல் நான் வயரைச் சுற்ற முடியாது.

முன்வரிசை

லாயாங் லாயாங் ஊரில் ஒரு கூட்டம். பேச்சாளர் மேசையைக் குத்தி, "இன்றே விட்டுவிடுங்கள்! உங்கள் பெற்றோர் கண்ணீர் விடுகிறார்கள்!" என்று முழங்கினார். எதிரில் இருந்ததோ பஜனைக் குழுப் பெண்கள். கூட்டம் சேரவில்லை என்று வேனில் ஏற்றிவந்திருந்தார்கள். வாய் நிறைய வெற்றிலையோடு இருந்த ஓர் அம்மா என் பக்கம் சாய்ந்து கேட்டார்: "ஏம்மா, இவரு வெத்தலையவா விடச் சொல்றாரு?"

வெளி ஸ்பீக்கர்

அதே ஊரில் அடுத்த கூட்டத்துக்குக் கொஞ்சம் புத்தியாக, வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்கும் பையன்களைப் பார்த்து ஒரு ஸ்பீக்கர் வைத்தேன். பேச்சு சூடு பிடித்த நேரத்தில் அது அமைதியாகிவிட்டது. போய்ப் பார்த்தால் ஸ்பீக்கர் இருக்கிறது, வயரைக் காணோம். செம்புக்கு நல்ல விலை என்று வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வயர் விலையைச் சொல்லிப் புலம்பினேன். கூட்டம் நடத்திய கமிட்டியின் செயலாளர் என்னைச் சமாதானப்படுத்தினார்: "விடுங்கலா அக்கா, வெளிய இருக்கவங்களுக்குத்தானே கேக்கல. உள்ள நல்லா கேட்டுச்சு!"

திருந்தியவர்

எனக்கு வயர் இழுக்கும் சேவியர், முன்பு அன்னாசி லாரி ஓட்டியவன். ராத்திரியும் தூங்காமல் ஓட்ட வேண்டும் என்று முதலாளியே மாத்திரை கொடுத்துப் பழக்கினாராம். யார் அந்த முதலாளி என்று கேட்டால் சொல்லமாட்டான். மறுவாழ்வு மையத்திலிருந்து வந்தவனை யாரும் வேலைக்குச் சேர்க்கவில்லை, நான் சேர்த்தேன். கமிட்டிக்காரர்களுக்கு விஷயம் தெரிந்ததிலிருந்து எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அவனை மேடையேற்றி, "எப்படிப் போட்டீங்க, போட்டா எப்படி இருக்கும்?" என்று கதை கேட்கிறார்கள். சொல்லிவிட்டு இறங்கினால் அன்று ராத்திரி அவன் தூங்கமாட்டான். மறுபடி அந்தப் பக்கம் போய்விடுவானோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம்.

ஒருமுறை, கைதட்டிய கமிட்டித் தலைவரிடமே டிரைவர் வேலை கேட்டான். அவர் தோளில் தட்டிச் சொன்னார்: "தம்பி, உங்களுக்குப் பேச்சு நல்லா வருது. அதையே செய்யுங்க."

மாலை

போன மாதம் ஜொகூர் பாருவில் பெரிய மண்டபம். செலவு முழுக்க ஒரு லாரி கம்பெனி முதலாளியுடையது. தலைமை விருந்தினரும் அவரே. திருந்தியவருக்கு அவர் கையால் மாலை என்று அறிவித்தார்கள். அவரும் ரோஜா மாலையோடு சிரித்தபடி நின்றார். சேவியர் மட்டும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பெட்டியை விட்டு அசையவில்லை.

"போயேன்டா, கூப்பிடுறாங்க" என்றேன்.

"அக்கா, எனக்கு மொத மாத்திரை குடுத்ததே அந்தக் கைதான். மாலை வேணாம்."

அன்று தலைமை விருந்தினர் உரையில் ஒரு வார்த்தைகூட யாருக்கும் கேட்கவில்லை. கோளாறு எங்கே என்று கமிட்டி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது, சேவியர் என்னோடுதான் வயர் சுற்றிக்கொண்டிருக்கிறான்.