சாவியைக் கொடுத்துவிட்டுக் குடித்தவர்

வண்டி எடுக்கும் முன் ஒருநாளும் குடிக்காத ஒருவரை, குடித்துவிட்டு ஓட்டுகிறவர் என்று நான் சொன்னேன். பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

போடியில் மதுக்கடையை ஒட்டிய பாரில், சாயங்காலம் ஒரே மேசையில் நான்கு பேர் உட்காருவோம். நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நான் பொய் சொன்னது அந்த நால்வரில் ஒருவரான ஜீப் டிரைவரைப் பற்றி. விடியற்காலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவார். பாருக்குள் நுழைந்ததும் ஜீப் சாவியைப் பார் நடத்துபவரிடம் கொடுத்துவிடுவார். குடித்துவிட்டு வீட்டுக்கு நடந்தே போவார். நானும் அவரும் ஒரே தெரு. சாவி காலையில்தான் அவர் கைக்குத் திரும்பும்.

நூலகத்துக்குப் போவதாக என் மனைவியிடம் சொல்லிவிட்டு நான் அங்கே வருவது அவருக்குத் தெரியும்.

"சாருக்கு முட்டை வையுங்கப்பா. படிச்சுப் படிச்சுக் களைச்சுப் போயிருக்காக" என்றார் ஒருநாள்.

மேசை சிரித்தது. அடுத்த மேசையில் இருந்த என் பழைய மாணவரும் சிரித்தார். எனக்குக் காது சூடானது.

அந்த நேரத்தில் ஜீப்பின் முதலாளி உள்ளே வந்தார். காலையில் மலை வளைவில் ஒரு சக்கரம் ரோட்டை விட்டு இறங்கியிருக்கிறது.

"குடிச்சிருந்தியா?"

"மழையில மண்ணு சரிஞ்சிருச்சுண்ணே. காலையில நான் தொடுறதே இல்ல."

பார்க்காரர் ஏதோ சொல்ல வந்தார். "நீ ஊத்திக் குடுக்குறவன், பேசாம இரு. சார் சொல்லட்டும்" என்றார் முதலாளி.

டிரைவரின் முகம் தெளிந்தது. "சொல்லுங்க சார்" என்றார்.

"காலையிலயும் வாடை வரத்தான் செய்யுது" என்றேன்.

முதலாளி கையை நீட்டினார். பார்க்காரர் சாவியை வைத்தார்.

அதன்பின் டிரைவர் ஏலக்காய்க் கடையில் மூட்டை தூக்கினார். இரண்டு மாதம், அவரைக் கண்டால் நான் எதிர்ச்சாரிக்கு மாறி நடந்தேன். ஒருநாள் மூட்டைக்கு அடியில் அவர் முழங்கால் நடுங்குவதைப் பார்த்துவிட்டேன். மறுநாள் முதலாளி வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன்.

"பத்துப் பேரு முன்னால சொன்னதை இங்க தனியா வந்து மாத்துறீங்களே சார். வண்டியில ஏறுறது அந்தப் பொம்பளைக. அவுககிட்டச் சொல்லுங்க."

மறுநாள் விடியுமுன் ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனேன். தூக்குவாளியோடு நின்ற பெண்களிடம், பொய் சொன்னதையும், ஏன் சொன்னேன் என்பதையும், நானும் தினம் குடிக்கிறவன் என்பதையும் சொன்னேன். அவர்களில் ஒருத்தி எங்கள் தெருக்காரி. அன்று மாலைக்குள் என் மனைவிக்குச் செய்தி போய்விட்டது. இரவுச் சோற்றைப் போட்டு மூடிவைத்துவிட்டு அவள் படுக்கப் போய்விட்டாள்.

காலையில் நான் சொல்லி முடித்ததுமே அந்தப் பெண்களில் மூத்தவர் என்னிடம் சொல்லியிருந்தார்: "அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா, எங்களுக்கு எப்படித் தெரியும்? அவரு ஓட்டட்டும். ஆனா ஏறுமுன்ன தெனம் ஊதிக் காட்டணும்."

அந்த வாரமே சாவி அவருக்குத் திரும்பக் கிடைத்தது. ஒருநாள் போய்ப் பார்த்தேன். அந்த அம்மாள் முகத்தை நீட்டி நிற்க, பள்ளிப் பிள்ளையைப்போல அவர் ஊதிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்தினார்.

"ஆத்தா, சாரையும் ஊதச் சொல்லு."

யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் என் எதிரே வந்து நின்றார். ஊதினேன்.

"ம்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் ஜீப்பில் ஏறிக்கொண்டார். ஜீப் மலைப்பாதைக்குத் திரும்பியது.