தெரிந்தவர் என்று எழுதிய கட்டங்கள்

இன்சூரன்ஸ் ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த ஒரே காரணத்துக்காக எங்கள் சர்ச் சபைக் கமிட்டியில் கட்டட வேலைப் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். எங்கள் ஊர் ஆரல்வாய்மொழிப் பக்கம், காற்று சும்மா இருக்காத ஊர். அறுப்பின் பண்டிகைக்கு முன் கோயில் மணிக்கோபுரத்துக்குப் பெயின்ட் அடிப்பது என்று முடிவானதும் நான் ஒரு படிவம் தயாரித்தேன். விபத்துக் காப்பீடு இருக்கிறதா, சேஃப்டி பெல்ட், ஹெல்மெட் உண்டா, உயரத்தில் வேலை செய்ததற்குச் சான்று உண்டா என்று நான்கு கட்டங்கள். ரிட்டயர் ஆகியும் இவன் ஆபீசை விட்டு வரவில்லை என்று கமிட்டியில் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காகிதம் இல்லாமல் ஒருவனும் சாரத்தில் ஏற முடியாது என்று சொல்லிவிட்டேன்.

களியக்காவிளையிலிருந்து வந்த காண்ட்ராக்டர் எல்லாவற்றையும் ஃபைலில் கொண்டுவந்திருந்தார். பாலிசி முடியும் தேதி வரை கேட்டு அவரைக் குடைந்தெடுத்தேன்.

அடுத்து வேலை கேட்டு வந்தவன் பெயின்டரான என் நண்பன். சின்ன வயதில் ஞாயிறு பாடசாலையில் ஒரே பெஞ்ச், இப்போது பாடகர் குழுவில் எனக்கு அடுத்து நிற்பவன். மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் பேனாவை எடுத்ததும் சிரித்தான்.

“என்ன மக்கா, எங்கிட்டயும் பேப்பர் கேக்கியா?”

எனக்குக் கூச்சமாகிவிட்டது. எங்கள் சபையில் சொந்த ஆளிடம் காகிதம் கேட்பது உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதுபோல. போதகர் சாரத்தின் அடியில் நின்று ஒரு ஜெபம் செய்வார், அதோடு எல்லாம் சரி. அந்த வழக்கத்தை மாற்றுகிறேன் என்று பீற்றிக்கொண்டவன்தான் நான்கு கட்டங்களிலும் ‘தெரிந்தவர்’ என்று எழுதினேன். எழுதியதை அவனிடம் காட்டினேன். இருவரும் சிரித்தோம். வேலையை அவனுக்கே கொடுத்தோம். அவன் பையைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போனான்.

மூன்றாம் நாள் காலையில் காற்று பிடித்தது. சாரத்தில் அவன் நின்ற பலகை நழுவியது. அவன் விழுந்ததை நான் பார்க்கவில்லை, சத்தத்தைத்தான் கேட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டான். கமிட்டியில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. தேவ சித்தம் என்றார்கள். யாராவது நன்றாகத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். அடக்கம் முடிந்தபின் ஒரு மாதம் அவன் வீட்டுத் தெருவழியே நான் போகவில்லை. மார்க்கெட்டுக்குச் சுற்றுவழியில் போய்வந்த கோழை நான்.

கடைசியில் அவன் மனைவியே என் வீட்டுக்கு வந்தாள். கையில் அதே துணிப்பை. உள்ளே ஒரு சேஃப்டி பெல்ட், விலைச்சீட்டுகூடக் கிழிக்கப்படவில்லை. அதன் அடியில் விபத்துக் காப்பீட்டுக்கான விண்ணப்பம், என் பழைய ஆபீசில் வாங்கியது.

“நீங்க கேட்டா காட்டணும்னு அன்னைக்குக் கொண்டு வந்தாரு அண்ணே. நீங்க கேக்கலன்னதும் பரணுல போட்டுட்டாரு. பெல்ட் போட்டா கை ஓடாது, அவனே என்ன நம்பிட்டான், பெறவு இது என்னத்துக்குன்னு சிரிச்சாரு.”

விண்ணப்பத்தில் ஒரே ஓர் இடம்தான் நிரப்பியிருந்தது. வாரிசு என்ற இடத்தில் அவள் பெயர், பேனாவை அழுத்தி அழுத்தி எழுதியது. மற்றதெல்லாம் வெறுமையாகக் கிடந்தது.

“மத்தத நீங்க எழுதித் தருவியன்னு சொன்னாரு. இனி இதக் குடுத்தா எடுப்பாங்களா அண்ணே?”

கவுண்டரில் இருந்த காலத்தில் இதே கேள்விக்கு எத்தனையோ பேரிடம் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ‘முடியாது’ என்று சொல்லியிருக்கிறேன். பேனாவை எடுத்தேன். அவன் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, தொழில், வீட்டு எண் என்று ஒவ்வொன்றாக எழுதினேன். ஒன்றைக்கூட அவளிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை.