மூன்றே நாளில் எழுந்து நின்றவள்

முப்பத்தோரு வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். டிவியில் யாராவது வண்டி ஓட்டினால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. பிரேக் பிடிக்காத பேருந்தைக் கதாநாயகன் மலைப்பாதையில் இறக்கிக்கொண்டிருப்பான். இவர் சோபாவின் நுனிக்கு வந்து, "கியரைக் குறைடா! ஹேண்ட் பிரேக்னு ஒண்ணு இருக்குறதே தெரியாதா உனக்கு?" என்று கத்துவார். காதலர்கள் காரில் போய்க்கொண்டே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் வாய்விட்டு எண்ண ஆரம்பித்துவிடுவார். "பத்து, பதினொண்ணு, பன்னெண்டு. நாற்பதுல போனாலும் நூத்தி முப்பது மீட்டர் ரோட்டையே பாக்காம போயிருக்கான். இவனுக்கு லைசென்ஸ் குடுத்தது எவன்?"

குரல் சுவர் தாண்டும். அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருக்குக் 'கமென்ட்ரி' என்றே பெயர் விழுந்துவிட்டது. மேல்வீட்டுக்காரர் மாடிப்படியில் பார்த்தால், "என்ன கமென்ட்ரி, நேத்துப் படம் தேறுச்சா?" என்பார்.

"இடைவேளை வரைக்கும் நல்லாத்தான் போச்சு. அப்புறம் எங்க போறோம்னு டிரைவரே மறந்துட்டாரு."

அவர் மனைவி ஆயத்த ஆடை ஆலையில் காலர் தைக்கும் பிரிவில் இருந்தவள். அவளுக்கும் கருத்து உண்டு, ஆனால் ஒரே வரிதான். நடிகை தேம்பித் தேம்பி அழுது முடித்ததும், "கண்ணுல வருது, மூக்குல வரலையே. பொய் அழுகை" என்று சொல்லிவிட்டு எழுந்து போவாள். அவர் பத்து நிமிடம் பேசியதெல்லாம் அதோடு செல்லாமல் போகும். முப்பத்து நான்கு வருடக் குடித்தனத்தில் டிவி முன்னால் இருவரும் ஒத்துப்போனது அபூர்வம். இருவருக்கும் அதுதான் பிடித்திருந்தது.

ஒரு நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து பிரஷ் நழுவியது. எடுக்கக் குனிந்தவள் எழவில்லை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். பதினாறு நாள் கழித்து வீடு திரும்பியபோது வலது கை மடியில் கிடந்தது. வலது கால் இழுத்தது. பேச்சு குழம்பிப் போயிருந்தது. சொல்ல நினைப்பது ஒன்று, வாயில் வருவது வேறு. தண்ணீர் வேண்டுமென்றால் "ஜன்னல்" என்பாள். கணவரை ஒருமுறை "குக்கர்" என்று கூப்பிட்டாள்.

"சரியாத்தான் சொல்றே. நானும் நேரம் தப்பாம சத்தம் போடுற ஆளுதானே" என்றார் அவர். அவள் சிரித்தாள். வாயின் ஒரு ஓரம் மட்டும் சிரித்தது.

வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபி செய்யும் பெண் வருவாள். மேசைமேல் இரண்டு கிண்ணங்களை வைத்து, ஒன்றில் கிடக்கும் துணி கிளிப்புகளை வலது கையால் எடுத்து மற்றதில் போடச் சொல்வாள். முதல் மாதம் ஒரு கிளிப்கூட நகரவில்லை. இரண்டாம் மாதம் ஒன்று. நான்காம் மாதம் முடியும்போது நான்கு கிளிப். "அம்மா, நாலு! சும்மா இல்லம்மா!" என்று அந்தப் பெண் கை தட்டினாள்.

அந்தச் சமயத்தில்தான் மாலை ஏழு மணித் தொடரில் கதாநாயகியின் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. அதே வலது பக்கம். மனைவி தலையணையைத் தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். தன்னைப்போல ஒருத்தியை அவள் திரையில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை படுத்த அந்த மாமியார், வியாழக்கிழமை தன் மகனை வில்லன் சட்டையைப் பிடித்து உலுக்குவதைக் கண்டதும் கட்டிலிலிருந்து எழுந்தாள். விடுவிடுவென்று நடந்தாள். விழுந்துபோன அந்த வலது கையாலேயே பளாரென்று ஓர் அறை விட்டாள். பின்னணி இசை காதைப் பிளந்தது.

டிரைவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்ன மருந்து குடுத்தாங்கன்னு கேக்கணும்!" என்று திரும்பினார். மனைவி டிவியைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கிண்ணங்களை வைத்ததும் அவள் மாட்டேனென்று தலையை ஆட்டிவிட்டாள். அதற்கடுத்த முறையும் அப்படியே. பிசியோதெரபிப் பெண் கெஞ்சிப் பார்த்தாள், கோபித்தும் பார்த்தாள். அன்று அவள் போன பிறகு டிரைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"என்னம்மா ஆச்சு உனக்கு?"

"அவ... மூணு நாள்." கொஞ்ச நேரம் வார்த்தையைத் தேடினாள். "நான்... நாலு மாசம். நான்... சோம்பேறி."

"அடி பைத்தியமே, அது கதை!"

"தெரியும்" என்றாள் அவள். தெரிந்திருந்தும் கண் கலங்கியது.

அவர் எழுந்து பால்கனிக்குப் போனார். தொடரின் முடிவில், 'உங்கள் கருத்துகளைத் தெரிவியுங்கள்' என்று தினமும் ஒரு வாட்ஸ்அப் எண் ஓடும். இத்தனை வருடம் சுவருக்குக் கேட்கக் கருத்துச் சொன்னவர் ஒரு நாளும் யாருக்கும் அனுப்பியதில்லை. போனை வாயருகே வைத்துப் பேச ஆரம்பித்தார்.

"வணக்கம். நான் பஸ் டிரைவர். உங்க தொடர்ல ஸ்டீயரிங் பிடிக்கிறது தப்பு, கியர் போடுறது தப்புன்னு நூறு தடவை சிரிச்சிருக்கேன். அதால யாருக்கும் ஒண்ணும் ஆகல, போகட்டும். ஆனா அந்தம்மா எழுந்து ஒரு அறை விட்டாங்களே, அது வில்லனுக்கு விழல. எங்க வீட்டுல விழுந்துச்சு. நாலு மாசம் பாடுபட்டு நாலு கிளிப் எடுத்தவ, இப்ப தன்னைச் சோம்பேறிங்கறா. நீங்க இதுக்குப் பதில் சொல்லணும்."

பதில் வரவில்லை. மறுநாளும் அனுப்பினார், அதற்கு மறுநாளும். பத்தாவது நாள் காலை ஒரு பெண்ணின் அழைப்பு வந்தது.

"ஐயா, அந்தத் தொடருக்குக் கதை வசனம் எழுதுறது நான்தான். நீங்க அனுப்பினதை எல்லாம் நேத்துதான் எங்கிட்ட குடுத்தாங்க. வரிசையா உக்காந்து கேட்டேன்." அவள் குரல் தயங்கியது. "அம்மா சென்டிமென்ட் வேணும்னாங்க, எழுதிட்டேன். நோயைப் பத்தி யாரையும் விசாரிக்கல. தப்புதான். ஆனா இப்ப என்னய்யா பண்றது? அவங்கதான் எழுந்து நடந்துட்டாங்களே?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. சோபாவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"விழட்டும்."

"என்னம்மா சொன்னீங்க?"

"மறுபடி... விழட்டும்."

முதலில் சிரித்தது எழுத்தாளர்தான். பிறகு டிரைவர். கடைசியில், இப்படி ஒரு மாமியாரை ஈவிரக்கமில்லாமல் தள்ளிவிட்டோமே என்று தோன்றியதோ என்னவோ, மனைவிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை எழுத்தாளர் நோட்டுப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். செருப்பைக் கழற்றிய கையோடு, "நீங்க எப்படிச் செய்வீங்கன்னு எனக்குக் காட்டுவீங்களாம்மா?" என்று கேட்டார். இரண்டு வாரமாகத் தொடாத கிண்ணத்தைப் பார்த்தாள் மனைவி. தான் காட்டாவிட்டால் இந்தப் பெண் மறுபடியும் தப்பாக எழுதிவிடுவாள் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கையை மேசைமேல் தூக்கி வைத்தாள்.

முதல் கிளிப் நழுவியது. இரண்டாவதும் நழுவியது. மூன்றாவது போய் விழுந்தபோது நெற்றி வியர்த்திருந்தது. எழுத்தாளர் கை தட்டவில்லை. "எங்க வலிக்குது?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். தோள் என்றாள். "கூட இருக்குறவங்க என்ன செஞ்சா கோவம் வருது?"

மனைவி விரலைக் கணவர் பக்கம் நீட்டினாள். டிரைவர் முந்திக்கொண்டு, "மருந்து குடுக்க லேட்டாச்சுன்னா கோவம் வரும், அதைத்தான்..." என்று ஆரம்பித்தார்.

"இதுதான்" என்றாள் அவள். "நான்... பேசுறதுக்கு முன்னாடி... பேசுறது."

டிரைவருக்கு அப்போதுதான் உறைத்தது. உதவி என்று நினைத்துக்கொண்டு நாலு மாதமாக அவள் வாக்கியங்களையெல்லாம் தானே முடித்துவைத்திருக்கிறார். அன்றிலிருந்து அவள் வார்த்தை தேடும்போது அவர் மனதுக்குள் எண்ணத் தொடங்கினார். இருபது வரை எண்ணினால் பெரும்பாலும் வார்த்தை வந்துவிடும். சில நாள் நாற்பது ஆகும். எண்ணுவார்.

தொடரில் மாமியார் மறுபடி விழுந்தாள். இந்தத் தடவை மூன்று நாளில் எழவில்லை. துணி சுற்றிய ஸ்பூனைப் பிடிக்கவே அவளுக்கு ஆறு எபிசோடு ஆனது. மகன் அவளுக்காகப் பேசப்போய்த் திட்டு வாங்கினான். மனைவி ஒவ்வொரு மாலையும் நீதிபதி மாதிரி உட்கார்ந்து பார்ப்பாள். "தோளை... தூக்குறா. தப்பு" என்பாள். டிரைவர் அதை அப்படியே பதிவு செய்து அனுப்புவார். அடுத்த வாரம் அந்த நடிகை தோளைத் தூக்கினால், பக்கத்தில் இருக்கும் நர்ஸ் பாத்திரம் அதைக் கீழே அழுத்துவாள். ஸ்பூன் காட்சி வந்த வாரமே மனைவியும் ஸ்பூனுக்குத் துணி சுற்றச் சொன்னாள். "அவ... எனக்கு முன்னாடி... சாப்பிடக் கூடாது" என்றாள்.

நாற்பது எபிசோடாவது இழுத்துவிடலாம் என்று எழுத்தாளர் ஆசைப்பட்டார். பத்தொன்பதிலேயே முடிக்கச் சொல்லிவிட்டது சேனல். மாமியார் கைத்தடியோடு வாசல்வரை வந்து நிற்பதோடு நிறுத்தி, கதை வேறு குடும்பத்துக்குத் தாவிவிட்டது. டிரைவர் கொதித்துப்போனார். ஆனால் எழுத்தாளர் அன்று வேறொன்றும் சொன்னார்: தங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பதாகவும், அந்தக் காட்சிகளை அவரோடு உட்கார்ந்து பார்ப்பதாகவும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் எழுதியிருந்தார்கள். அவர்களில் சிலர் அனுப்பிய குரல் பதிவுகளைப் போனில் போட்டும் காட்டினார். மனைவி எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்டாள்.

ஒன்பதாம் மாதம் அவள் தெருமுனை மருந்துக்கடைவரை தடியூன்றி நடந்தாள். கிண்ணத்தில் இருபது கிளிப்பும் இடம் மாறின. சட்டையின் மேல் பொத்தான் மட்டும் இன்னும் சண்டித்தனம் செய்கிறது. தண்ணீர் எப்போதாவது ஜன்னலாகிவிடுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரு புதுப் படம் பார்த்தார்கள். கடைசியில் கதாநாயகி தன்னைக் கைவிட்டுப் போனவனை மன்னித்து ஏற்றுக்கொண்டாள். நல்ல முடிவு என்றார் டிரைவர். மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலைச் சாப்பாட்டு மேசையிலும் வாக்குவாதம் ஓயவில்லை. அவர் தட்டில் கை வைத்தபடி எண்ணிக்கொண்டிருக்க, அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்:

"அவன் மன்னிப்பே... கேக்கல. கேக்காதவனுக்கு... அவ எதுக்கு... கதவைத் திறக்கணும்?"

டிரைவர் படத்தை மனதுக்குள் பின்னால் ஓட்டிப் பார்த்தார். உண்மைதான், அவன் கேட்கவே இல்லை. எப்படிக் கவனிக்காமல் விட்டோம் என்று யோசித்துக்கொண்டே அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினார். அவள் ஸ்பூனை வலது கைக்கு மாற்றிக்கொண்டு, அந்தப் படத்தில் தனக்குப் பிடிக்காத அடுத்த இடத்துக்குப் போனாள்.