எர்த் குழிக்கு மஞ்சள்

தாமல் கிராமத்துப் பரசுராமனிடம் என் அப்பா வாங்கிய கடன் முன்னூறு ரூபாய். அப்பா செத்ததும் அது என் தலையில் விழுந்தது. அசல் திரும்பும்வரை வட்டிக்குப் பதிலாக என் அம்மா எல்லம்மாள் அவர் கழனியில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும் என்பது பேச்சு. நாங்கள் சேரிக்காரர்கள். எதைக் கொண்டுபோனாலும் கையில் வாங்கமாட்டார். "கீழ வெச்சிட்டுப் போ" என்பார்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. வயரிங் வேலையைப் பார்த்துப் பார்த்தே கற்றேன். காஞ்சிபுரத்தில் இந்த முனுசாமி ஒயர் ஓட்ட அடித்த ரீப்பர் கட்டை ஒன்று கோணல் என்று காட்டுகிறவனுக்கு என் லைசென்ஸைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறேன்.

1971இல் பட்டு வியாபாரி காசிநாதன் பிள்ளையார்பாளையத்தில் கல்யாண மண்டபம் கட்டினார். முழு வயரிங்கும் நான்தான். இன்ஸ்பெக்டர் சோதித்துக் கரண்ட் வந்தால்தான் கூலி. அதை வாங்கினால் அம்மா கழனியிலிருந்து கரையேறிவிடுவாள்.

மண்டபத்தின் பின்னால், குழாயடிக்குப் போகும் சந்தில், ஆளுயர எர்த் குழி தோண்டி இரும்புக் குழாயை நிறுத்தினேன். சுற்றிலும் கரியும் உப்பும் கொட்டி, தலை மட்டும் வெளியே தெரிய மூடினேன். எங்காவது கரண்ட் கசிந்தால் ஆளை அடிக்காமல் இது வழியாக மண்ணுக்குள் போய்விடும். ஆனால் மண்ணில் ஈரம் வேண்டும். அதுவோ சித்திரை வெயில். இன்ஸ்பெக்டர் மீட்டரை வைத்தார், முள் இறங்கவில்லை.

"மண்ணு காஞ்சி கெடக்குது. அடுத்த வாரமும் இப்படியே இருந்தா கனெக்ஷன் கிடையாது."

காசிநாதன் என்னைப் பார்த்தார். "வைகாசி முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் வாங்கிட்டேன்பா. அப்பவும் ஃபெயிலாச்சுன்னா வேற ஆளப் பாத்துக்குவேன். உனக்குப் பைசா கிடையாது."

வாளியோடு குழாயடிக்குப் போனேன். பெண்கள் வரிசைக்குள் விடவில்லை. நெசவுக்காரர் வீட்டு நீலாம்பாள் கேட்டாள்:

"இன்னாபா, இரும்புக்குத் தண்ணி ஊத்தப் போறியா? முளைச்சா வரப்போவுது?"

"முளைக்கும்மா. பல்பு காய்க்கும்."

சிரித்தார்கள். தண்ணீர் மட்டும் தரவில்லை.

மறுநாள் விடியும் முன்பே போய், நான் நட்ட இரும்புக் குழாயின் தலையில் மஞ்சள் பூசிக் குங்குமப் பொட்டு வைத்தேன். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நிறைகுடத்தோடு முதலில் திரும்பியவள் நீலாம்பாள். நின்றாள், ஒரு கை தண்ணீர் ஊற்றினாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பின்னால் வந்தவள் அரைக் குடம் கவிழ்த்தாள். இரண்டு நாளில் வேப்பிலை வந்தது, பூ வந்தது.

"யாருடி வெச்சது இது?"

"அது எப்பவுமே இங்கதாண்டி இருக்குது. நாமதான் கவனிக்கல" என்றாள் நீலாம்பாள்.

ஒரு வாரத்தில் சந்தே சேறாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் வந்தார், முள் இறங்கியது.

"இன்னாய்யா பண்ண?"

"ஊரே ஊத்துச்சு சார்."

கரண்ட் வந்தது. காசிநாதன் அன்றைக்கே கூலியைக் கொடுத்தார்.

நேரே தாமலுக்குப் போனேன். பரசுராமன் களத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அம்மா ஓரமாக நின்றாள்.

"அசல் கொண்டாந்திருக்கேன்."

"கீழ வெச்சிட்டுப் போடா."

"எண்ணித்தான் குடுப்பேன். கைய நீட்டுங்க."

அம்மா பதறினாள். "ஆண்டை சொல்றபடி வெச்சிடுடா."

"நீ சும்மா இரும்மா. கீழ வெச்சா காத்துல ஒண்ணு பறக்கும். அப்புறம் குறையுதும்பாரு."

அவர் கிணற்றுக்கு மோட்டார் வாங்க அந்த மாதம் பணம் தேடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் கையை நீட்டவில்லை. நோட்டுகளைச் சட்டைப் பையில் திருப்பி வைத்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டேன்.

"இருடா" என்றார். கை நீண்டது.

எல்லாம் பத்து ரூபாய் நோட்டுகள். அந்த உள்ளங்கையில் என் விரல் படும்படி ஒவ்வொன்றாக, களம் முழுக்கக் கேட்கும்படி எண்ணி வைத்தேன்.