சந்தனப் பொட்டு வைத்த கிராபிக்ஸ் கார்டு

வெள்ளிக்கிழமை லாஸ்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி: "பையன் வரலையாம்மா?"

பையன் ஊரில் இருந்தால் நான் ஏன் வரப்போகிறேன்?

(மறுநாள் போயிருக்கலாம். ஆனால் சனிக்கிழமை நான் இரும்புச் சாமான் வாங்குவதில்லை. கிராபிக்ஸ் கார்டு இரும்பில் சேர்த்தியா என்று தெரியவில்லை. எதற்கு வம்பு.)

என் மகன் பிரான்சில் வேலை பார்க்கிறான். அவன் அப்பா தவறிய பிறகு கருவடிக்குப்பத்து வீட்டில் நான் மட்டும்தான். போனில் பேசினால் "சாப்டியா", "மாத்திர போட்டியா" என்பதோடு முடிந்துவிடும். அதற்கு மேல் இரண்டு பேருக்குமே வராது.

போன லீவில் வந்தவன், தன் பழைய கம்ப்யூட்டரில் லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்துச் சொல்லியும் கொடுத்தான். அங்கிருந்து அவன் ஒரு லாரி, இங்கிருந்து நான் ஒரு லாரி. ஒரே ரோட்டில் முன்னும் பின்னுமாகப் போகலாம். காதில் மாட்டிக்கொண்டு பேசலாம்.

ஞாயிறு சாயங்காலம் ராகு காலம் முடிந்துதான் நான் லாரி எடுப்பேன். அவனுக்கு அது மதியம்.

லாரியில் ஏறினால் அவன் வேறு பிள்ளை. ஆபீசில் ஒருத்தன் இவனை மதிக்காதது, அப்பா சட்டையை இன்னும் துவைக்காமல் வைத்திருப்பது, எல்லாம் நான் லாரியில் கேட்டவைதான்.

சிக்கல் என் கம்ப்யூட்டர். கம்பெனியே எல்லாம் மாட்டி அனுப்பிய பெட்டி அது. படம் வரைய அதற்குள் தனியாகக் கார்டு கிடையாது. மலைப்பாதை வந்தால் படம் உறைந்துவிடும். என் லாரி பள்ளத்தில் கிடக்கும். அவன் ஓரம் கட்டிக் காத்திருப்பான். போன வாரம் திரும்பத் திரும்ப இதே கதை. கடைசியில் சொன்னான்:

"விடும்மா. எதுக்குக் கஷ்டப்படுற. இனிமே போன்லயே பேசிக்கலாம்."

போனில் என்ன பேசுவோம் என்று எனக்குத் தெரியாதா?

அவனிடம் சொல்லாமல் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். கார்டு மட்டும் வாங்கினால் போதாது, அதற்குத் தீனி போட பவர் சப்ளையும் பெரிதாக வேண்டும் என்று புரிந்தது. பெட்டியைத் திறந்து உள்ளே போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, கம்பெனி பெட்டிக்கு நம் கடை பவர் சப்ளை நேராகப் பொருந்தாது, நடுவில் ஒரு வயர் வேண்டும் என்று அதையும் எடுத்துக் கொடுத்தார். நல்ல மனிதர். வாய்தான் சும்மா இல்லை.

"இந்த வயசுல கேமாம்மா?"

"கேம் இல்லப்பா. லாரி ஓட்டுறேன்."

அவர் பில் போட்டுக் கொடுத்தார்.

புதுப் பொருள் எதுவானாலும் சாமி படத்தின் முன் வைத்து, பொட்டு வைத்த பிறகுதான் எங்கள் வீட்டில் புழங்குவோம். கார்டு முழுக்கக் கன்னங்கரேல். விளிம்பில் மட்டும் தங்க நிறத்தில் பல்வரிசை. மங்களமாக இருக்கிறதே என்று சந்தனத்தையும் குங்குமத்தையும் அங்கேயே வைத்தேன்.

ஞாயிறு காலையில் பூஜை முடித்துவிட்டு உட்கார்ந்தேன். பவர் சப்ளையை மாற்றினேன். கார்டைச் செருகி, திரை வயரை அதில் மாட்டினேன். பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, திரை இருட்டு. கார்டைக் கழற்றி, திரை வயரைப் பழைய இடத்தில் செருகினால் படம் வருகிறது. கார்டைப் போட்டால் மறுபடி இருட்டு.

அவனைக் கேட்கலாம். கேட்டால், "நாந்தான் விடுன்னு சொன்னேனேம்மா" என்பான். வேறு யாரைக் கூப்பிடுவது என்று போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். கேஸ்காரர், பால்காரர், எலெக்ட்ரீஷியன். கடைசியில் பில்லில் இருந்த கடைக்காரர் நம்பர்தான். ஞாயிற்றுக்கிழமையும் எடுத்தார், மகராசன்.

"கோல்டு கலர்ல பல்லு மாதிரி இருக்குமே, அதுல கை பட்டுச்சா?"

"கை படல. சந்தனம் பட்டுச்சு."

"எம்மா, நானும் பொட்டு வெக்கிறவன்தான். டப்பா மேல வெப்பேன். பென்சில் அழிக்கிற ரப்பர் இருக்கா?"

வீட்டுக் கணக்கைப் பென்சிலில் எழுதுகிறவள் நான். ரப்பருக்கா பஞ்சம்? அவர் சொன்னபடி மெதுவாகத் தேய்த்து, காய்ந்த துணியால் துடைத்தேன். "மன்னிச்சிக்கோ சாமி" என்று சொல்லிக்கொண்டேதான் துடைத்தேன்.

படம் வந்தது. கண்ணாடியில் மழைத்துளி ஓடுவதுகூடத் தெரிந்தது.

சாயங்காலம் அவனை வற்புறுத்தி லாரிக்கு வரவழைத்தேன். மலைப்பாதை வந்தது, போனது.

"இன்னாம்மா, இன்னைக்கு நிக்கவே இல்ல?"

"கார்டு மாத்திட்டேன். பவர் சப்ளையும்."

"யாரு மாட்னது?"

"நாந்தான்."

"செமம்மா நீ."

உடம்பெல்லாம் பூரித்துவிட்டது. ஆனால் அடுத்த வளைவிலேயே ஒன்று உறைத்தது. அவன் பேசியதெல்லாம் ஓட்டும்போது இல்லை. நான் பள்ளத்தில் கிடக்க, அவன் ஓரம் கட்டிக் காத்திருந்தானே, அப்போதுதான்.

வேகத்தைக் குறைத்தேன்.

"ஏம்மா இவ்ளோ ஸ்லோவா வர்ற? அதான் எல்லாம் மாத்திட்டியே."

"மழ பெய்யுது கண்ணு. பாத்துதான வரணும்."

எவ்வளவு பார்த்து வந்தும், அடுப்பில் வைத்த பருப்பு வேகும் முன்னே ஊர் வந்துவிட்டது. "வந்துட்டோம்மா. துணி தொவைக்கணும், வெச்சிடட்டா?" என்றான். சரி என்றேன். அடுத்த வாரமும் லாரியில் வருவதாகச் சொல்லியிருக்கிறான். அது போதும்.

கார்டு, பவர் சப்ளை, வயர் மூன்றையும் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று யோசித்துவிட்டு, "போக்குவரத்து" என்று எழுதினேன்.

இந்த லாரி விளையாட்டு ஆடுகிற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் ஒன்று மட்டும் சொல்லுங்கப்பா. அதில் இருப்பதிலேயே நீளமான ரோடு எது?

சீக்கிரம் போய்ச் சேராத ரோடாக இருந்தால் நல்லது.