தாளின் தலையில் போடுவது

என் அக்கா புருஷனுக்கு இரண்டு பெயர். மருங்காபுரிப் பக்கம் ஒரு சின்னக் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியபோது சவரிநாதன். ஆறு வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வாத்தியார், தெருவில் எல்லாரும் கூப்பிட்ட பெயரையே எழுதிக்கொண்டார்: பிச்சமுத்து. மதம் என்ற கட்டத்தில் யாரையும் கேட்காமல் இந்து என்று போட்டார். எல்லாம் அந்த ஒரு வரியில்தான் ஆரம்பித்தது.

1956-ல் திருச்சியில் ஓர் அரசாங்க ஆபீசில் குமாஸ்தா வேலை கிடைத்தது அந்தப் பெயருக்குத்தான். தாழ்த்தப்பட்ட சாதிக்கு ஒதுக்கிய இடம். வேதத்தில், அதாவது கிறிஸ்தவத்தில், சேர்ந்தவர்களுக்கு அது கிடையாது. தலையில் தண்ணீர் ஊற்றியதும் சாதி கரைந்துபோகும் என்று சட்டம் நினைத்தது. டீக்கடைக்காரன் அப்படி நினைக்கவில்லை. பூசைக்குப் போனால் எங்கள் வேதக்காரர்களே அப்படி நினைக்கவில்லை. சட்டத்துக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்த ஞானம்? இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

காலை பத்து மணிக்குப் பிச்சமுத்து, சாயங்காலம் பாலக்கரை வீட்டுக்குள் நுழைந்தால் சவரிநாதன். பெயர்கூடப் பெரிய தொல்லை இல்லை. தாளின் தலைதான் தொல்லை. நாங்கள் எதை எழுத ஆரம்பித்தாலும், மளிகைச் சிட்டையாக இருந்தாலும், உச்சியில் சின்னதாக ஒரு சிலுவை போடுவோம். சின்ன வயதிலிருந்து கை தானாகச் செய்கிற வேலை அது. ஆபீசிலோ எல்லாத் தாளிலும் ‘உ’. புது ஃபைல் எடுத்தால், “என்ன பிச்சமுத்து, பிள்ளையார் சுழி போட்டாச்சா?” என்பார்கள். ஆரம்பித்தாயிற்றா என்பதைத்தான் அவர்கள் அப்படிக் கேட்டார்கள். இவர் ஒவ்வொரு தடவையும் தாளின் உச்சியை ஒரு முறை பார்த்துக்கொள்வார்.

வீட்டில் காலண்டர்த் தாளின் முதுகில் நூறு, இருநூறு ‘உ’ போட்டுப் பழகினார். “என்ன மச்சான், மலைக்கோட்டைப் பிள்ளையாருக்கு நேர்ச்சையா?” என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

“இது சோறு, ஸ்தனிஸ்லாஸ்” என்றார்.

நான் பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். சொந்தப் பெயரிலேயே எனக்கு வேலை இருந்தது. அதனால் அவரை வெட்கம்கெட்டவர் என்று திட்ட முடிந்தது. திட்டியும் இருக்கிறேன், ஒரு தடவை அல்ல.

1963 செப்டம்பரில் அவருடைய ஒரே மகள் லூர்துராணிக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்து வயது. புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கேயும் ‘பிச்சமுத்து மகள் ராசாத்தி’ என்றுதான் எழுதிக்கொடுத்தார். ஆபீஸ் ஆட்கள் பார்க்க வருவார்களே! நர்ஸ் “ராசாத்தி, ராசாத்தி” என்று கூப்பிட, குழந்தை யாரையோ கூப்பிடுவதாக நினைத்துப் பேசாமல் கிடந்தது.

மூன்றாம் நாள் காய்ச்சல் ஏறிப் பிள்ளைக்கு நினைவு தப்பியது. நான் ஆபீசுக்கு ஓடினேன். வாசலில் நின்று, ‘பிச்சமுத்து, பிச்சமுத்து’ என்று நாக்குக்கு இரண்டு தடவை சொல்லிக்கொடுத்துவிட்டு உள்ளே போனேன். விஷயத்தைக் கேட்டதும் மச்சான் நின்றபடியே ஒரு தாளை எடுத்து லீவு விண்ணப்பம் எழுதி ஹெட்கிளார்க்கிடம் நீட்டினார். நீட்டிய பிறகுதான் நான் பார்த்தேன். தாளின் உச்சியில் சிலுவை.

ஹெட்கிளார்க் சடகோபன் ஸ்ரீரங்கத்துக்காரர். நெற்றி நிறையத் திருமண். தாளைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, சிலுவைக்கு இந்தப் பக்கம் 3, அந்தப் பக்கம் 2 போட்டு, ‘நாள்’ என்று முடித்தார்.

“மூணும் ரெண்டும் அஞ்சு நாள். குழந்தையைப் போய்ப் பாரும்” என்றார். குரலைத் தாழ்த்தி, “கையைக் கொஞ்சம் பழக்கி வெச்சுக்கும் ஓய்” என்றார்.

நல்ல மனுஷர்தான். ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து மச்சானின் சோறு அவர் வாய் திறக்காமல் இருப்பதில் இருந்தது.

மறுநாள் பிள்ளை போய்விட்டாள். பாலக்கரைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். லீவு முடிந்து மச்சான் ஆபீசுக்குப் போனபோது, “எங்கே வெச்சீங்க, ஓயாமாரியா?” என்று யாரோ கேட்டிருக்கிறார். ஓயாமாரி இந்துக்களின் சுடுகாடு. ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறார் மச்சான். அதை அவரே வந்து என்னிடம் சொன்னார். “எம் பிள்ளைய மாத்திப் பொதைச்சிட்டேன்” என்று சொல்லி அழுதார்.

அதற்குப் பிறகு வீட்டில்கூட அவர் சிலுவை போடவில்லை. பால் கணக்கு, கடிதம், எல்லாவற்றிலும் ‘உ’. அக்கா அமலோற்பவம் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. முந்தின நாள் காலை மச்சானும் நானும் பிள்ளைக்கு மரச்சிலுவை நட்டோம். கறுப்புப் பூச்சின்மேல் வெள்ளை எழுத்து. அவருக்கு முத்து முத்தான கையெழுத்து, அதனால் அவரே எழுத உட்கார்ந்தார்.

“இங்கயாவது எம் பேரப் போட்டுக்கறேன்” என்றார்.

லூர்துராணி. சவரிநாதன் மகள். 1958 – 1963. ஏழு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயரை எழுதியதில் அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. தூரிகையை வைத்துவிட்டு, “நல்லா இருக்கா?” என்று கேட்டார்.

என் பார்வை போன இடத்தை அவரும் பார்த்தார். சிலுவையின் தலையில், பிள்ளையின் பெயருக்கு மேலே, அழகாக ஒரு ‘உ’.

“நான் போடலியே” என்றார். பிறகு தன் வலது கையைப் பார்த்தார். வேட்டி நுனியால் தேய்த்தார். ஈரப் பெயிண்ட் இழுபட்டு வெள்ளையாகப் பரவியது, சுழி அழியவில்லை.

அப்போது கேட்டைத் திறந்துகொண்டு அக்கா, மெழுகுவர்த்தியும் பூவுமாக வந்தாள். வருஷக்கணக்காக அவரைத் திட்டிய நான் அன்றைக்கு மண்ணெண்ணெய்த் துணியைத் தேடி எடுத்தேன்.

“அக்கா, அங்கயே நில்லு, பெயிண்ட் காயல” என்று கத்தினேன்.

அவள் நிற்காமல் வந்துகொண்டிருந்தாள். மச்சான் எழுந்து, சிலுவையை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார்.