மோகனூருக்கு இரண்டு ஞாயிறுகள், ஒரு ஜெர்மன் கடிதம்

இந்தப் பக்கத்தில் நான் வழக்கமாகக் கோயில், அருவி, நல்ல சாப்பாட்டுக் கடை என்று எழுதுகிறவன். இது அப்படிப்பட்ட பயணம் அல்ல. 1964 பிப்ரவரியில், அடுத்தடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் சேலத்திலிருந்து மோகனூருக்குப் போய்வந்தேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஒரு ஜெர்மன் கடிதத்தைப் படித்துச் சொல்லத்தான் போனேன்.

என்னோடு சேலத்தில் பாலிடெக்னிக் படித்தவன் பழனிவேல். மோகனூர்க்காரன். அம்மாப்பேட்டையில் இருவரும் ஒரே அறை. ஜெர்மனியில் இயந்திரத் தொழிற்பயிற்சி கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, பழைய புத்தகக் கடையில் ஒரு ஜெர்மன் பாடநூலை வாங்கி இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம். அந்த மொழியில் மேஜை ஆண்பால், கதவு பெண்பால், ஜன்னல் இரண்டுமில்லை. பாலைக் காட்ட ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் வரும் 'டேர், டீ, டாஸ்' என்பதைத் துண்டுத்தாளில் எழுதி அறை முழுக்க ஒட்டினோம். சிறுமி என்ற சொல்லே பெண்பால் இல்லை என்று தெரிந்த அன்று பழனி விழுந்து விழுந்து சிரித்தான். அவனுக்கு இலக்கணம் படியும். எனக்கு வேகம் உண்டு. தெரியாத சொல்லைத் தாண்டிப் போய்விடுவேன். சென்னையில் நடந்த நேர்முகத்தில் அவனைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பதினேழாம் பாடத்தோடு அவன் கப்பல் ஏறினான். பதினெட்டாம் பாடம் சலிப்பாக இருந்ததால் அதை விட்டுவிட்டு நான் பத்தொன்பதுக்குப் போனேன்.

அடுத்த குளிர்காலத்தில் அவன் வயிற்று நோயால் ஆஸ்பத்திரியில் கிடப்பதாகத் தகவல் வந்தது. பிறகு அவன் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா ஜெர்மனில் எழுதிய கடிதம் ஒன்று மோகனூருக்கு வந்தது. அவனுடைய அப்பா எனக்குக் கார்டு போட்டார்.

காலை ஆறரைக்குச் சேலத்தில் பஸ். நாமக்கல் முப்பத்திரண்டு மைல், கட்டணம் ஒரு ரூபாய் பத்து நயா பைசா. மல்லூர், ராசிபுரம் தாண்டி எட்டேகாலுக்கு நாமக்கல். அங்கே முக்கால் மணி நேரம் காத்திருந்து அடுத்த பஸ். பதினோரு மைல், நாற்பது பைசா. "ஏனுங்க, ஊருக்குள்ள எறங்கறீங்களா, வாய்க்கா பாலத்துலயா?" என்று கண்டக்டர் கேட்டார். பாலத்தில் இறங்கி, கரும்புக்கும் வாழைக்கும் நடுவே ஒரு மைல் நடந்தேன். பையில் அகராதி கனத்தது.

பழனியின் அப்பா நாச்சிமுத்து வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க சாமி, ஊட்டுக்குள்ள வாங்க. நாளைக்குக் காத்தால நாமக்கல்லு போயிப் பையனுக்குத் தந்தி குடுக்கலாம்னு இருக்கறனுங்க. கடுதாசில என்ன இருக்குதுன்னு தெரிஞ்சா அதுக்குத் தக்கன நாலு வார்த்தை எழுதலாம்."

அவன் அம்மா பாவாயி தரையில் உட்கார்ந்திருந்தார். "என்னையக் கேக்கறானான்னு மொதல்ல பாருங்க சாமி" என்றார்.

கடிதத்தின் முதல் வரியிலேயே என் பெயர் இருந்தது. 'சேலத்தில் இருக்கும் என் நண்பன் சூசைக்கு என்னைவிட நன்றாக ஜெர்மன் தெரியும், அவன் படித்துச் சொல்வான்' என்று பழனி சொன்னானாம். அதைப் படித்ததும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. அகராதியை வெளியே எடுக்கவில்லை. நேர்முகத்தில் தோற்ற நான், இந்த இரண்டு பேர் முன்னால் தடங்கலில்லாமல் படித்துக் காட்ட ஆசைப்பட்டேன்.

"தினமும் உங்களைக் கேட்கிறானாம்மா" என்றேன். அது சரியான பொருள்தான். அடுத்து ஒரு நீண்ட வாக்கியம். டாக்டர்கள், 'கேபன்' என்றால் தருகிறார்கள், இரண்டாவது ஆபரேஷன், கடினமான வாரங்கள், நம்பிக்கை. அதோடு வரி முடிந்தது. அடுத்த வரியின் தொடக்கத்தில் 'அவுஃப்' என்று ஒரு சின்னச் சொல் தனியாக நின்றது. 'மேல்' என்று பொருள் தெரியும், இங்கே பொருந்தவில்லை. தாண்டிவிட்டேன்.

"டாக்டர்கள் நம்பிக்கை தருகிறார்களாம்" என்றேன்.

பாவாயி அம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நாச்சிமுத்து மூச்சு விட்டார். "அப்பத் தந்தி வேண்டாமுங்க. தந்தின்னா அவன் பயந்துக்குவான். கடுதாசியே போட்டுக்கலாம்." பாவாயி அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கரும்பு வெட்டியாயிற்று, செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, நீ வந்தால் தனியாக வேறு அறை கட்டலாம் என்று இரண்டு பக்கம். கோழி அடித்துச் சோறு போட்டார்கள். கிளம்பும்போது ஒரு தார் பூவன் பழம்.

மாலை ஆறரைக்கு அறைக்குத் திரும்பினேன். அந்தச் சின்னச் சொல் உறுத்திக்கொண்டே வந்தது. பதினெட்டாம் பாடத்தைத் திறந்தேன். ஜெர்மனில் சில வினைச்சொற்கள் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி முன்னாலும் மறுபாதி வாக்கியத்தின் கடைசியிலும் நிற்கும். 'கேபன்' தருவது. கடைசியில் 'அவுஃப்' வந்து சேர்ந்தால் கைவிடுவது. டாக்டர்கள் நம்பிக்கையைக் கைவிட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை தந்தி அலுவலகத்தில் வரிசையில் நின்றேன். பழனியின் முகவரி எனக்கு மனப்பாடம். தாளை வாங்கினேன். 'அம்மா உன்னையே நினைத்திருக்கிறாள்' என்று எழுதினாலே போதும். ஆனால் அவன் வீட்டில் போய் என்ன சொல்வது? என் வாசிப்பு தவறு என்றா? ஒருவேளை இப்போதுதான் நான் தவறாகப் புரிந்துகொள்கிறேனோ? ஞாயிறு நேரில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அடுத்த ஞாயிறு, அதே ஆறரை பஸ். பாலத்தில் இறங்கி நடந்து, வாழைத் தோட்டத்தைத் தாண்டியபோதே அந்த வீட்டுப் பக்கம் கூட்டம் தெரிந்தது. பழனி புதன்கிழமை இறந்துவிட்டான். வெள்ளிக்கிழமை தந்தி வந்திருக்கிறது. பாவாயி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாத்தான இருக்கறான்னு எழுதியிருந்துச்சு, நீங்கதான படிச்சீங்க" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

திரும்பும்போது நாச்சிமுத்து பாலம் வரைக்கும் கூட வந்தார். அவரிடம் சொல்லிவிட்டேன். பதினெட்டாம் பாடம், திங்கட்கிழமை வரிசை, எல்லாவற்றையும். அவர் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"அவகிட்டச் சொல்லீராதீங்க சாமி. அந்த அஞ்சு நாளு அவ சோறு தின்னா, தூங்குனா."

பஸ் வருவது தெரிந்தது. கையைக் காட்டி நிறுத்தினார். நான் ஏறிய பிறகு ஜன்னலருகே வந்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "ஆனாலும் தந்தியக் குடுத்திருக்கலாமுங்க."

பாவாயி அம்மா சொல்லி நான் எழுதிய கடிதம் மார்ச்சில் பிரிக்கப்படாமலே மோகனூருக்குத் திரும்பி வந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் எந்த ஜெர்மன் தேர்வும் எழுதவேயில்லை. யோசித்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. தமிழன் நான், வருவாரா, வரமாட்டாரா என்பது கடைசிச் சொல்லில்தான் தெரியவரும் மொழியில் பிறந்தவன். வாக்கியம் முடியும்வரை பொறுக்க எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

மோகனூர் போகிறவர்களுக்கு: இப்போது சேலம்–நாமக்கல் நால்வழிச் சாலை, ஒன்றேகால் மணி நேரம். நாமக்கல்லிலிருந்து அடிக்கடி பஸ் உண்டு. காவிரிக்கரைக்கு வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். ஜெர்மன் படிக்கிறவர்களுக்கு: பெயர்ச்சொல்லை அதன் பாலோடு சேர்த்து ஒரே சொல்லாக மனப்பாடம் செய்யுங்கள். பிரியும் வினைகளைத் தனிப் பட்டியலாக எழுதி வையுங்கள். எந்தப் பாடத்தையும் தாண்டாதீர்கள். இன்னொருவருக்காகப் படித்துச் சொல்ல நேர்ந்தால், புரியாத இடத்தில், "இந்தச் சொல் எனக்குத் தெரியவில்லை, கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் பொறுத்திருப்பார்கள். அன்று அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேருக்கும் வேறு வேலையே இருக்கவில்லை.